ஊத்தங்குளம் விலக்கில் பஸ் நிற்கும்

பத்திரகாளி அத்தையைக் கோபக்காரி என்று சொல்லாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. சொல்லுகிறவர்கள் யார் என்று பார்த்தால், அவள் சண்டை போட்டு நிறுத்திய பஸ்ஸில் ஏறிச் சாத்தூர் போய், சாமான் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பி வருகிறவர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டே, "அவளுக்கு வாய் கொஞ்சம் கூடத்தான்" என்பார்கள். அதைக் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. தலைமை வாத்தியார் நாற்காலிக்கு அடியில் பாம்பு மாத்திரை கொளுத்தி வைத்ததற்கு அனுப்பிவிட்டார்கள். இதில் பிழை ஏதும் இருந்தால் அந்தப் பாம்பைத் திட்டிக்கொள்ளுங்கள்.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. அடுத்த வீடு. புருஷன் கொழும்புக்குப் போனவன். முதல் வருஷம் மூன்று கடுதாசி வந்தது, இரண்டாம் வருஷம் ஒன்று வந்தது, அப்புறம் அவள் தபால்காரரைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். ஒரு குறுக்கம் கரிசல் நிலம் உண்டு. மழை பெய்தால் அது நிலம். எங்கள் பக்கம் அது நிலமாக இருந்த வருஷங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே அவளும் மற்றப் பெண்களைப் போலப் பட்டாசு வேலைக்குப் போனாள்.

அந்தக் காலத்தில் ஊத்தங்குளத்துக்கு வெளியுலகம் என்றால் சீனிவாசகம் முதலாளியின் வேன்தான். வேன் என்று பெயர். பழைய லாரிக்குத் தார்ப்பாய் போர்த்தியது. விடியுமுன் வந்து ஹாரனை அமுக்கும். நாலு ஊர்ப் பெண்களையும் அள்ளிக்கொண்டு போய்க் காட்டுக்குள் இருக்கிற அவருடைய கம்பெனியில் கொட்டும். பொழுது சாயத் திரும்பக் கொண்டுவந்து தட்டும். வண்டிச் சத்தம் என்று ஒரு காசு வாங்காமல் ஏற்றிப் போகிறார், தர்மவான் என்று ஊரே கும்பிட்டது. சின்ன வயதில் நானும் கும்பிட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது.

அந்தத் தர்மத்தின் லட்சணத்தைச் சொல்கிறேன். ஒருத்தி ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தால், அடுத்த ஒரு வாரம் அவளுக்கு வேனில் இடமில்லை. ஏழாயிரம்பண்ணையில் வேறு கம்பெனிகள் இருக்கின்றன, கூலி கூடத் தருகிறார்கள் என்று ஒருத்தி வாய் திறந்தால், அவள் வீட்டில் ஒருவருக்குமே இடமில்லை. நடந்து போகலாமே என்பீர்கள். போக ஆறு மைல், வர ஆறு மைல். பத்து மணி நேரம் வெடிமருந்தோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறவளைப் பன்னிரண்டு மைல் நடக்கச் சொல்ல உங்களுக்கு வாய் வரும், அவளுக்குக் கால் வராது. காலில் சங்கிலி போட்டால் போலீஸ் கேட்கும். ஓசி வேன் விட்டால் ஊரே கும்பிடும். முதலாளிக்கு அது தெரிந்திருந்தது.

1959-இல், தீபாவளி சீசனுக்குக் கொஞ்சம் முன்னால், திரி நறுக்கிக்கொண்டிருந்த செல்லக்கனியின் கையில் மருந்து பற்றிவிட்டது. இருபது வயதுப் பெண். வலது கை. வேனையும் ஓட்டுகிற மேஸ்திரி சோலைச்சாமி ஓடிவந்து, பேனாவுக்கு ஊற்றுகிற மைப் புட்டியை எடுத்து அந்தக் கையில் கவிழ்த்தான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். வேன் பத்தடி தள்ளி வேப்பமரத்து நிழலில் நின்றது.

"வண்டியை எடு. சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்றாள் பத்திரகாளி அத்தை.

"இப்ப எப்படி எடுக்க? சாயங்காலம் லோடு ஏத்திக்கிட்டுத்தான் கிளம்பும். முதலாளி சொல்லாம நகட்டக் கூடாது."

"முதலாளி எங்கன இருக்காக?"

"சிவகாசியில."

"அவக அங்கன இருந்து வந்து சொல்ற வரைக்கும் இவ கை வெந்துக்கிட்டே இருக்கணுமாலே?"

"ஏய், மருவாதியாப் பேசு."

"வண்டியை எடு, மருவாதி தாரேன். எம்புட்டு வேணும்னாலும் தாரேன்."

அவன் எடுக்கவில்லை. அத்தை தன் முந்தானையைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்து அந்தக் கையைச் சுற்றினாள். நாலு மைல் காட்டு வழியாக அவளை நடத்திக்கொண்டு ரோட்டுக்கு வந்து, பருத்தி மூட்டை ஏற்றிப்போன மாட்டு வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. இரண்டு விரல் ஒட்டிக்கொண்டது. வெயில் இருக்கும்போதே வந்திருந்தால் பிரித்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

மறுநாள் விடியுமுன் வேன் வந்து ஹாரன் அடித்தது. எல்லாப் பெண்களும் தூக்குச் சட்டியோடு ஏறினார்கள். செல்லக்கனியின் தங்கையும் ஏறினாள். அத்தை கீழேயே நின்றாள்.

"ஏறலையா?" என்றான் சோலைச்சாமி.

"இந்த வண்டியில இனிமே என் பொணங்கூட ஏறாது. உங்க முதலாளிகிட்டப் போய்ச் சொல்லு."

அன்றிலிருந்து அவள் ஏழாயிரம்பண்ணைக்கு நடந்தாள். சித்திரை வெயிலிலும் நடந்தாள், ஐப்பசிச் சேற்றிலும் நடந்தாள். கரிசல் சேறு காலில் அப்பினால் ஒரு காலே ஒரு மரக்கால் கனக்கும். இரண்டு வருஷம். ஊரில் ஒருவரும் அவளுக்காக எதுவும் செய்யவில்லை. நானும்தான் செய்யவில்லை, வேன் ஹாரன் குழாய்க்குள் ஒரு பிடி மிளகாய்ப் பொடி போட்டதைத் தவிர. சோலைச்சாமி மூன்று நாள் தும்மினான். தும்மலால் யாருக்கும் கால் வலி தீராது என்பது எனக்கும் தெரியும்.

1961-இல் விருதுநகரிலிருந்து சாத்தூர் வழியாக ஏழாயிரம்பண்ணைக்கு பஸ் விட்டார்கள். காலையில் ஏழு மணிக்கு ஏழாயிரம்பண்ணைக்குப் போகும். பத்து மணிக்குத் திரும்பி விருதுநகர் போகும். சாயங்காலமும் அதேபோல ஒரு நடை. எங்கள் ஊர் ரோட்டிலிருந்து அரை மைல் உள்ளே இருக்கிறது. ஊருக்குப் பிரிகிற இடத்தை விலக்கு என்போம். பஸ் அந்த விலக்கைத் தாண்டிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. நிறுத்த உத்தரவு இல்லையாம்.

அத்தை என்னைக் கூப்பிட்டாள். "ஏலே சங்கையா, நாலு எழுத்துப் படிச்சிருக்கேல்ல? எழுது."

மதுரையில் இருக்கிற பஸ் அதிகாரிக்கு மனு. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு இடம் எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: "பஸ் எங்களைப் பார்த்துக்கொண்டே போகிறது. நாங்கள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நிற்கிறோம். இப்படிப் பார்த்துக்கொள்வதற்கு ரோடு எதற்கு?" அதிகாரியைத் திட்டிய இடம் இரண்டை நானே விட்டுவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

ஐந்தாவது மனுவுக்குப் பதில் வந்தது. ஊத்தங்குளம் விலக்கில் இரண்டு மாதம் பரீட்சைக்கு நிறுத்தலாம்; ஆள் ஏறினால் நிரந்தரம், ஏறாவிட்டால் ரத்து. கடைசி நாளில் அதிகாரியே வந்து பார்ப்பார்.

அந்த நேரத்தில் அத்தைக்குக் குதிகால் வெடித்துச் சீழ் பிடித்திருந்தது. பன்னிரண்டு மைல் இனி அந்தக் காலால் ஆகாது என்பது ஊருக்கே தெரிந்தது. பஸ் நின்றால் அவளுக்கு ஏழாயிரம்பண்ணை வேலை. நிற்காவிட்டால் முதலாளி வேன். "மூலையில ஒரு எடம் துடைச்சு வச்சிருக்கேன், பொணம் வரும்னு" என்று சோலைச்சாமி டீக்கடையில் சொல்லிச் சிரித்தான். அவனோடு சேர்ந்து எங்கள் ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். அவர்கள் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அவர்களே படித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏழு மணி பஸ்ஸில் அத்தை ஏறினாள். அவளுக்குப் பின்னால் நானும் ஏறினேன். எனக்கு ஏழாயிரம்பண்ணையில் என்ன வேலை? ஒன்றுமில்லை. காற்று வாங்கப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதமும் தினமும் காற்று வாங்கி, சாயங்கால பஸ்ஸில் அவளோடு திரும்பினேன். அவள் கேட்டபோது டூரிங் டாக்கீஸில் போஸ்டர் பார்க்கப் போகிறேன் என்றேன். "உருப்பட மாட்டே" என்றாள்.

பத்து மணி பஸ்தான் முக்கியம். விருதுநகர் சந்தைக்கு மிளகாய் மூட்டை கொண்டுபோகிறவர்கள், சாத்தூரில் மருந்து வாங்குகிறவர்கள், மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வசதி. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அத்தை வீடு வீடாகக் கேட்பாள்.

"இன்னைக்கு ஏறுனீகளா?"

"எங்க தாயி, நிக்காமப் போயிட்டானே."

தினமும் இதே பதில். ஒரு நாள் அல்ல, நாற்பது நாள். முதலாளி பணம் கொடுத்து டிரைவரை மடக்கிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. அத்தை ஒரு நாள் வேலைக்குப் போகாமல், பத்து மணி பஸ்ஸை ஏழாயிரம்பண்ணையிலேயே மறித்து, கண்டக்டர் சோணைமுத்துவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்யா, எங்க விலக்குல நிக்க ஒனக்கு என்ன கேடு? முதலாளி கையில எம்புட்டு வாங்குன?"

"யக்கா, வாயில வந்ததைப் பேசாதீக. ஆளு ஏறுனாத்தான எங்களுக்கும் பொழப்பு? உங்க ஊரு சனம் என்ன செய்யுதுன்னு நீங்களே வந்து பாருங்க. பஸ்ஸு சத்தம் கேட்டதும் மூட்டையை இறக்கிப் போட்டுட்டு, ரோட்டைவிட்டு ஓடைக்குள்ள எறங்கி, முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. கை காட்டுறவனுக்கு நிப்பாட்டலாம். முதுகைக் காட்டுறவனுக்கு எப்படி நிப்பாட்ட?"

அவள் அந்த பஸ்ஸிலேயே ஏறி வந்தாள். விலக்கு வந்தது. கண்டக்டர் சொன்னது பொய்யில்லை. ரோட்டோரப் பள்ளத்தில் எட்டு முதுகு.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். விடியுமுன் வந்துபோகிற வேனை விட்டால், இருபது வருஷமாக எங்கள் ரோட்டில் ஓடிய மோட்டார் என்றால் அது முதலாளியின் கார்தான். கார் சத்தம் கேட்டால் தலைச் சுமையை இறக்க வேண்டும். ரோட்டைவிட்டு இறங்க வேண்டும். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் முகத்தை நேரே பார்க்காமல் திரும்பி நிற்க வேண்டும். புழுதி அடங்கிய பிறகுதான் ஏற வேண்டும். அப்பன் செய்தான், மகன் செய்தான். உடம்பிலேயே ஊறிவிட்டது. பஸ்ஸும் மோட்டார்தானே? உள்ளே எந்தப் பெரிய மனிதர் இருக்கிறாரோ? அவரைப் பார்த்துக் கையை நீட்டி நில்லு என்பதா? கை நீட்டிக் கூப்பிடுவது ஆட்டுக்குட்டியை. நாற்பது நாளாக எங்கள் ஜனம் பஸ்ஸுக்கு மரியாதை செய்து அனுப்பிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் குளத்துக்கரையில் அத்தை கத்தியது மூன்று ஊருக்குக் கேட்டிருக்கும். கருப்பணன் தாத்தாதான் எதிர்த்துப் பேசினார். அறுபது வயது, மிளகாய் போடுகிற சம்சாரி, பயந்த சுபாவம்.

"உள்ள யாரு இருக்காகளோ, கையை நீட்டுனாத் தப்பா நினைக்க மாட்டாகளா தாயி?"

"உள்ள நம்மள மாதிரிச் சீட்டு வாங்குன ஆளுகதான் மாமா இருக்கு. அவுகளுக்கா ஓடையில எறங்கி நின்னீக? நாளைக்கு எருமை வந்தாலும் எறங்கி நிப்பீகளோ?"

மறுநாள் ஒத்திகை. என்னை ஒற்றை மாட்டு வண்டியில் ஏற்றி, பஸ் மாதிரி வரச் சொன்னாள். ஏழு பேர் ரோட்டோரம் கை நீட்டத் தயாராக நின்றார்கள். நான் வாயால் "பாம் பாம்" என்றேன். நாலு பேர் ஓடைக்குள் இருந்தார்கள்.

"ஏலே, இவனுக்குமா? இந்தப் பயலுக்குமா?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. என் சொந்த அப்பா அந்த நாலு பேரில் ஒருவர் என்று பார்த்ததும் நின்றுவிட்டது.

கடைசி நாள் வந்தது. பத்து மணி பஸ்ஸில் அதிகாரி வருகிறார். விலக்கில் என்னையும் அத்தையையும் தவிரப் பத்தொன்பது பேர், மூட்டை முடிச்சோடு. எல்லோரும் தாங்களாக வரவில்லை; பாதிப் பேரை அத்தை வீட்டிலிருந்து இழுத்து வந்திருந்தாள். இருபது நாள் பழக்கத்தில் கை நீட்டக் கொஞ்சம் தேறியிருந்தார்கள்.

தூரத்தில் புழுதி தெரிந்தது. சத்தம் கேட்டது. ஆனால் முதலில் வந்தது பஸ் இல்லை. முதலாளியின் கார். பஸ்ஸுக்கு முன்னால், நிதானமாக, மாட்டு வண்டி வேகத்தில் வந்தது. அவ்வளவு மெதுவாக அந்தக் கார் ஓடி நான் பார்த்ததே இல்லை. எங்களை அவர் எங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

பத்தொன்பது பேரும் ஓடைக்குள் இறங்கினார்கள். பத்தொன்பது முதுகு.

அத்தை மட்டும் நடு ரோட்டில் போய் நின்றாள். வெடித்த காலுக்குத் துணி சுற்றியிருந்தாள். கார் ஹாரன் அடித்தது, அவள் நகரவில்லை. கார் நின்றது. வேறு வழியில்லாமல் பின்னால் பஸ்ஸும் நின்றது.

முதலாளி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என்ன பத்திரகாளி, வழி விட மாட்டியா?"

"விடுவேன் முதலாளி. பின்னால வந்த வண்டியில எங்க சனம் ஏறட்டும். அப்புறம் நீங்க போகலாம்."

அவர் ஓடைப் பக்கம் பார்த்தார். சிரித்தார். "ஏறுறதுக்கு யாரு இருக்கா?"

பஸ்ஸிலிருந்து கண்ணாடி போட்ட அதிகாரி எட்டிப் பார்த்து, கையில் இருந்த தாளில் ஏதோ எழுதப் போனார். சோணைமுத்து படியில் தொங்கிக்கொண்டு, "விலக்கு, விலக்கு! ஏறுற ஆளு இருக்கா?" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

அத்தை ஓடையைப் பார்த்துத் திரும்பினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "மாமா, நாளைக்கு நான் அந்த வேன்ல ஏறணும். ஏறட்டுமா? சொல்லுங்க" என்றாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அந்த இடத்தில் அந்தக் காரைக் கொளுத்த எனக்குக் கை பரபரத்தது.

ஓடைக்குள் கருப்பணன் தாத்தாவுக்கு அது கேட்டது. திரும்பவில்லை. அவரால் முடியவில்லை. முதலாளி இருக்கிற பக்கம் அவர் முகம் வராது. ஆனால் முகத்தைத் திருப்பாமலேயே, முதுகைக் காட்டியபடியே, வலது கையை மட்டும் பின்னால் ரோட்டுப் பக்கம் நீட்டினார்.

"வண்டியை நிப்பாட்டுங்கய்யா! எனக்கு மொளகாச் சந்தைக்குப் போகணும்!" என்று எதிரே இருந்த கருவேலஞ்செடியைப் பார்த்துக் கத்தினார்.

அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்தது. அப்புறம் எங்கள் அப்பா கை. அப்புறம் வரிசையாகப் பத்தொன்பது முதுகுக்குப் பின்னாலும் பத்தொன்பது கை. அப்படி ஒரு காட்சியை எந்த பஸ் அதிகாரியும் பார்த்திருக்க மாட்டார். அவர் பேனாவோடு இறங்கி வந்து, ஓடைக்கரையில் நடந்து, ஒவ்வொரு கையாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் அவர்கள் பின்பக்கமாகவே நடந்து ரோட்டில் ஏறி, பின்பக்கமாகவே பஸ்ஸில் ஏறினார்கள். ஒருவர் சோணைமுத்துவின் காலை மிதித்தார். மூட்டைகள் பஸ்ஸின் மேலே ஏறின.

அத்தைக்கு அப்போதும் கோபம்தான். "திரும்பி நின்னு நீட்டுனா என்னவாம்?" என்று போகிற பஸ்ஸைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் காருக்கு வழி விட்டாள்.

உத்தரவு வந்தது. விலக்கில் ஒரு கல் நட்டார்கள்.

பஸ் நிற்கிற இடத்தில் ஊர் முளைக்கிறது. ஆறே மாதத்தில் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. அப்புறம் சைக்கிள் கடை. அப்புறம் குளத்துப் பக்கம் இடிந்த வீட்டை விட்டு நாலு குடும்பம் ரோட்டோரம் வந்து கட்டியது. மிளகாயை வயலிலேயே அடிமாட்டு விலைக்குக் கேட்டு வந்த தரகர்கள், இவர்களே சந்தைக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும் வாயைத் திறந்து நல்ல விலை சொன்னார்கள். சாத்தூர் உயர்நிலைப் பள்ளிக்கு ஊத்தங்குளத்திலிருந்து ஆறு பிள்ளைகள் போனார்கள். அதில் இரண்டு பெண் பிள்ளைகள்.

ரோட்டுக்கு வடக்குப் பக்கத்தை யார் வாங்கிக் கடை வரிசை கட்டினார் என்று நினைக்கிறீர்கள்? சீனிவாசகம் முதலாளிதான். வரக் கூடாது என்று காரை விட்டு மறித்த பஸ் வந்ததும், அது நிற்கிற இடத்தை வளைத்துப்போட்டவர் அவர். தெற்கே இருந்த புறம்போக்கிலும் அளவுக் கயிறு பிடித்தார். அத்தை கயிற்றின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"இங்கன ஆஸ்பத்திரி வரணும். பஸ்ஸு நிக்கிற எடத்துல ஆஸ்பத்திரி இல்லாம, வடை சுடுற கடையா வரணும்?" என்றாள். மறுபடியும் மனு. மறுபடியும் நான் எழுதினேன். இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு நர்ஸம்மா பஸ்ஸில் வந்து அங்கே ஒரு கீற்றுக் கொட்டகையில் உட்காருகிறார்கள். கட்டடம் இன்னும் வரவில்லை. வரும்வரை மனு போகும்.

வேன் இன்னும் ஓடுகிறது. போன மாதம் ஒரு காலையில் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது ஊருக்குள் போகாமல் விலக்கிலேயே வந்து நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்களைப் பார்த்துச் சோலைச்சாமி இறங்கி வந்தான். ஹாரன் அடிக்கவில்லை.

"யக்கா, எல்லாரும் இருக்கீகளா? முதலாளி கூலி கூட்டித் தாரேன்னு சொல்லச் சொன்னாக. ஒரு நாள் வரலைன்னாலும் மறுநாள் ஏத்திக்கிடுவோம். கைகால்ல அடிபட்டா வண்டி ஒடனே சாத்தூர் போகும். யாராச்சும் வாங்களேன்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேர் யோசித்து, அவனிடம் நாலு கேள்வி கேட்டு, ஏறினார்கள். மற்றவர்கள் ஏறவில்லை. எல்லோரும் பத்திரகாளி அத்தை என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தார்கள். சோலைச்சாமி ஓரடி பின்னால் வைத்தான்.

அத்தை ரோட்டின் கிழக்கே, பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணுங்கிறவுக ஏறட்டும்லே, நான் என்ன சொல்ல?" என்றாள். "வண்டியை மட்டும் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டு. பஸ்ஸுக்கு மறைக்குது."